ஆபிரிக்க அரசுகளும் ஐரோப்பிய வாள் வாணிகமும்

படைக்கலங்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் போர்க்களத்தையே நோக்குவர். வாளொன்று போர்க்களத்தை அடையுமுன் கொல்லன் உலையையும் வணிகன் சந்தையையும் கடந்தே வருகின்றது என்பதை நினைப்பார் சிலரே. சகாராப் பாலைக்குத் தெற்கே, செனகல் ஆறு முதல் செங்கடல் வரை நீண்டு கிடக்கும் புல்வெளி நாடுகளில் வழங்கிய நீள்வாள்களைப் பொறுத்தமட்டிற் சந்தையின் கதை போர்க்களத்தின் கதையினும் நீண்டது. போர்னு, அவுசா நாடுகள், டார்பூர், சென்னார் முதலிய அரசுகளின் குதிரைவீரர் தாங்கிய வாள்களுட் பலவற்றின் அலகுகள், ரைன் ஆற்றுக்கு அணித்தான ஒரு சிறிய ஜேர்மானிய நகரத்தில் அடிக்கப்பட்டவை. அவை எவ்வாறு அத்துணைத் தூரஞ் சென்றன, சென்றபின் அவற்றுக்கு நேர்ந்தது யாது, அவற்றுக்கு ஈடாகக் கொடுக்கப்பட்டது எது என்பனவே ஈண்டு ஆராயப்படுகின்றன.

முதலில் ஒரு கட்டுக்கதையைக் கவனித்தல் வேண்டும். 1898ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 2ஆந் திகதி, நைல் நதிக்கரையில் ஓம்டுர்மான் நகருக்கு வெளியே, கிச்சனரின் தலைமையிற் சென்ற பிரித்தானிய எகிப்தியப் படை, மஹ்தியின் வழித்தோன்றலான கலீபா அப்துல்லாஹியின் படையை முறியடித்தது. சூடானியர் தரப்பில் ஏறக்குறைய 11,000 பேர் மாண்டனர். எதிர்த்தரப்பில் இறந்தோர் ஐம்பதுக்கும் குறைவு. களத்திற் கிடந்த வாள்கள் வெற்றியாளருக்கு நினைவுப் பொருள்களாயின. நேரானதும், இருபுறமும் கூரானதும், மூன்றடி அளவு நீண்டதுமான அலகு. அதன் தலைப்பிற் குறுக்காக ஓர் இரும்புத் தண்டு. ஆகப் பார்வைக்குச் சிலுவை வடிவம். சூடானில் 'கஸ்காரா' என வழங்கும் இவ்வாளைக் கண்ட ஐரோப்பியர் பலர், இவை சிலுவைப்போர் வீரரிடமிருந்து சலாதீன் காலத்திற் கைப்பற்றப்பட்டு, தந்தையிடமிருந்து மகனுக்கு வழிவழி வந்த வாள்கள் என்று நம்பினர். பிரபலமான நூல்களும் அவ்வாறே எழுதின. இன்றும் இக்கதை முற்றாக மறைந்துவிடவில்லை.

கதை கேட்பதற்கு இனியதே. ஆயின் அதன் உட்கிடை யாதென உசாவுதல் நன்று. ஆபிரிக்கன் ஐரோப்பாவின் பழம்பொருளை எழுநூறு ஆண்டுகளாக அறியாமலே காத்து வந்தான் என்பதே அதன் பொருள். அவன் வாங்கவில்லை, தெரிவு செய்யவில்லை, விலை பேசவில்லை. தற்செயலாய்க் கையில் அகப்பட்டதை வைத்திருந்தான். 1963ஆம் ஆண்டில் ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் இயூ ட்ரெவர் ரோப்பர், ஆபிரிக்காவில் ஐரோப்பியரின் வரலாறு மட்டுமே உண்டு, எஞ்சியது இருளே என்ற கருத்தைக் கூறியமை வரலாற்று மாணவர் பலரும் அறிந்ததே. சிலுவைப்போர் வாட்கதை அக்கருத்தின் சிறுவடிவம் எனலாம். வெளிவாரிப் பட்டத்துக்காகத் தனித்திருந்து பயின்ற எம்போன்றோரும் 'ஆபிரிக்க வரலாறு' என்னுந் தலைப்பின்கீழ்ப் படித்தவை பெரும்பாலும் பெர்லின் மாநாடும் அதன்பின் வரைந்த எல்லைக்கோடுகளுமே. ஆகவே வாளலகு ஒன்றின் பயணத்தைப் பின்தொடர்வது வெறும் பழம்பொருள் ஆராய்ச்சியன்று.

கட்டுக்கதையில் உண்மையின் ஒரு துளியும் இல்லை என்று சொல்வதற்கில்லை. எகிப்தை ஆண்ட மம்லூக்குச் சுல்தான்களின் அலெக்சாந்திரியாப் படைக்கலச் சாலையில் ஐரோப்பிய வாள்கள் பல இருந்தன. 14ஆம், 15ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த அவற்றின்மேல் அறபு மொழியிற் சேமிப்புக் குறிப்புகள் பொறிக்கப்பட்டிருந்தன. சைப்பிரசு மன்னன் முதலாம் பீட்டர் 1365இல் அலெக்சாந்திரியாவைச் சூறையாடியதும், மம்லூக்கியர் 1426இற் சைப்பிரசைத் தாக்கி அதன் மன்னனைச் சிறைகொண்டதும் நாம் அறிந்தவை. அத்தகைய போர்களாலும், திறையாலும், அன்பளிப்பாலும் அவ்வாள்கள் வந்திருத்தல் கூடும். ஆயின் அவற்றுட் பல, எகிப்து 1517இல் துருக்கியர் வசமான பின்னர், இஸ்தான்புலுக்கே சென்றன. நைல் நதியின் தென்கோடிக்கு அல்ல. வாணிகமும் அக்காலத்திலேயே இருந்தது என்பதற்கு, அதனைத் தடுக்க முயன்றவர்களே சான்று. சரசேனியருக்குப் படைக்கலமும் இரும்பும் மரமும் விற்கும் கிறித்தவர் திருச்சபையினின்றும் விலக்கப்படுவர் என்று 1179ஆம் ஆண்டின் மூன்றாம் லாத்தரன் சங்கம் விதித்தது. விற்போர் இல்லாவிடத்து விலக்குக்கு வேலையில்லை.

இனி அலகு பிறந்த ஊருக்குச் செல்வோம். ஜேர்மனியில் வுப்பர் ஆற்றின் பள்ளத்தாக்கில் அமைந்தது சோலிங்கன். 1374இல் நகர உரிமை பெற்ற இவ்வூரிற் சுற்றுவட்டாரத்து இரும்பும், காட்டு மரக்கரியும், விரைந்தோடும் சிற்றாறுகளும் ஒருங்கே கிடைத்தன. நீர்ச்சில்லுகள் சம்மட்டியையும் சாணைக்கல்லையும் இயக்கின. வாட்டொழில் ஒருவர் கையிலே முழுமையும் முடிவதில்லை. அலகை அடிப்போர் ஒரு சாரார். அதற்குத் தோய்ச்சல் ஏற்றிச் சாணை பிடிப்போர் மற்றொரு சாரார். பிடி பொருத்தி முடிப்போர் பிறிதொரு சாரார். தோய்ச்சற்காரரும் சாணைக்காரரும் 1401இலும், வாள் அடிப்போர் 1472இலும் தத்தம் தொழிற்சங்க உரிமைகளைப் பெற்றனர். தொழிலின் நுட்பத்தைப் பிறருக்குச் சொல்வதில்லை, ஊரை விட்டு வெளியேறுவதில்லை என்று சத்தியம் செய்யும் வழக்கமும் இருந்தது. (சத்தியத்தை மீறி வெளியேறியோரும் பலர்; அதனைப் பின்னர்க் காண்போம்.) இவ்வாறு வேலையைப் பங்கிட்டமையால், நல்ல அலகு மலிவான விலையிலே பெருந்தொகையாகக் கிடைத்தது.

சோலிங்கன் கொல்லருக்கு ஒரு வழக்கம் இருந்தது. தொன்மையும் புகழும் வாய்ந்த பாசவு நகரத்து வாள்களில் ஓடும் ஓநாய் ஒன்று சில கோடுகளாற் பொறிக்கப்படும். சோலிங்கன் கொல்லர் அந்த ஓநாயைத் தம் வாள்களிலும் பொறித்தனர். எசுப்பானியாவின் தொலேதோ வாளுக்கு மதிப்பு மிகுந்தபோது அந்நாட்டுக் கொல்லரின் பெயர்களையும், இத்தாலியக் கொல்லன் அந்திரேயா பெராராவின் பெயரையும் எழுத்துப்பிழையோடு பொறித்தனர். வாங்குவோன் முத்திரையைப் பார்க்கின்றான், விற்போன் முத்திரையைப் போடுகின்றான். இதனை மனத்திற் கொள்க.

கப்பலேறிய அலகுகள் லிவோர்னோ, வெனிசு, மால்ட்டா முதலிய மத்தியதரைத் துறைகள் வழியாகத் திரிப்போலிக்கும், பெங்காசிக்கும், கெய்ரோவுக்கும் வந்தன. அங்கிருந்து மூன்று பெருவழிகள் தெற்கே சென்றன. திரிப்போலியிலிருந்து முர்சூக் வழியாகப் போர்னுவுக்குச் செல்வது ஒன்று. கதாமிசு, காட் என்னும் பாலைச் சோலைகளைத் தொட்டுக் கானோவுக்குச் செல்வது மற்றொன்று. எகிப்தின் அசியூத்திலிருந்து டார்பூருக்குச் செல்லும் 'நாற்பது நாள் வழி' மூன்றாவது. ஒட்டகச் சாத்துகள் பிடியற்ற அலகுகளையே ஏற்றிச் சென்றன. பிடியையும் உறையையும் சேர்த்துச் சுமப்பதால் வணிகனுக்கு ஆவது யாதுமில்லை. அன்றியும், எந்நாட்டவன் எவ்வகைப் பிடியை விரும்புவான் என்பதை அந்நாட்டுக் கொல்லனே அறிவான்.

இவ்வாணிகத்தைக் கண்ணாற் கண்டு எழுதிய பயணிகள் பலர். சென்னாரை 1772இல் அடைந்த இசுக்கொத்துலாந்தியரான யேம்சு புரூசு, அங்கிருந்த குதிரைப்படை வீரர் இரும்பு வலைக் கவசமும் தலைச்சீராவும் அணிந்து, சிவந்த தோலுறையில் ஐரோப்பியப் பாங்கான அகன்ற வாள்களை வைத்திருந்ததை வியந்து கூறுகின்றார். சுவிற்சர்லாந்தில் பிறந்த பேர்க்கார்ட், முஸ்லிம் வணிகராக வேடம்பூண்டு 1814இல் நைல் கரையிலுள்ள செந்தி நகரச் சந்தையைக் கண்டார். அங்கு விலைப்பட்ட வாளலகுகள் சோலிங்கனில் ஆனவை என்று ஊரின் பெயரைச் சுட்டியே எழுதினார். இருவரும் சிலுவைப்போரைப் பற்றிப் பேசவில்லை; சந்தையைப் பற்றியே பேசினர்.

எல்லாவற்றிலும் சுவையானது இயூ கிளப்பர்ட்டனின் குறிப்பு. பிரித்தானியக் கடற்படை அதிகாரியான இவர் 1824இற் கானோவை அடைந்தார். அங்கே கண்ட வாள்கள் மால்ட்டா வீரத்துறவியரின் அகன்ற வாள்கள் என்றறிந்து வியந்தார். மால்ட்டாவிலிருந்து பெங்காசிக்கும் திரிப்போலிக்கும் வந்த அவ்வாள்கள் அங்கே காளைமாடுகளுக்கு மாற்றாகக் கொடுக்கப்பட்டன என்றும், பின்னர்ப் பாலை கடந்து போர்னுவுக்கும் அவுசா நாட்டுக்கும் சென்றன என்றும், இறுதியிற் கானோவிலே புதிய பிடி பொருத்தப்பட்டு நடு ஆபிரிக்கா எங்கும் பரவின என்றும் அவர் எழுதுகின்றார். மால்ட்டாவின் வீரத்துறவியர் சங்கம் சிலுவைப்போர்க் காலத்தில் எருசலேமிலே தோன்றியது. 1798இல் நெப்போலியன் அவர்களை அத்தீவினின்றும் வெளியேற்றினான். எனவே சிலுவைப்போர் மரபினர் வாள்கள் ஆபிரிக்காவை அடைந்தன என்பது ஓராற்றான் உண்மையே. ஆயின் எந்தச் சுல்தானும் அவற்றைப் போரிற் பறிக்கவில்லை. உடையவர் போய்விட்ட வாள்கள் இறைச்சி மாட்டுக்கு விலையாகச் சென்றன. கட்டுக்கதையினும் வரலாறு நகைச்சுவை மிக்கது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

அவருக்குப் பின் 1851இற் கானோவுக்கு வந்த ஹைன்ரிக் பார்த் என்னும் ஜேர்மானிய அறிஞர், அச்சந்தையில் விற்ற ஐரோப்பியப் பண்டங்களை ஒரு கணக்கரைப் போல நிரல்படுத்தினார். மஞ்செஸ்டர்ச் சீலை, பிரெஞ்சுப் பட்டும் சருக்கரையும், சக்சனியின் சிவப்புத் துணி, வெனிசின் மணிகள், நியூரம்பேக்கின் ஊசியும் கண்ணாடியும், மூன்று பிறைக் குறியுடைய தாள், சிற்றீரியாவின் சவரக் கத்தி, அவற்றுடன் சோலிங்கனின் வாளலகு. ஐரோப்பாவிற் செய்வன எல்லாம் நடு ஆபிரிக்காவின் ஒரு சந்தையிலே, ஐரோப்பியன் ஒருவனும் ஆளாத காலத்திலே, அவ்வூரார் வகுத்த ஒழுங்கின்படி விலைப்பட்டன. விலையாகச் செல்லுபடியானது சோகி. வரி வாங்கியவன் கானோவின் எமீர். குடியேற்ற ஆட்சி வந்தே ஆபிரிக்காவை உலக வாணிகத்தோடு இணைத்தது என்று எழுதுவோர் இந்நிரலை ஒருமுறை படித்தல் தகும்.

சூடானின் கிழக்கே 1861ஆம் ஆண்டளவிற் சுற்றிய சாமுவேல் பேக்கர், ஹம்ரான் என்னும் அறபுக் குலத்தாரைப் பற்றி எழுதியதையும் விடுதல் இயலாது. இவர்கள் யானையை வாளால் வேட்டையாடுவோர். ஒருவன் குதிரைமேற் சென்று யானையின் முன்னே அதன் சினத்தை மூட்டி ஓடுவான். மற்றொருவன் பின்னே விரைந்து, குதித்திறங்கி, ஒரே வெட்டில் யானையின் பின்கால் நரம்பை அறுப்பான். ஒரு வெட்டுத் தவறினால் இரண்டாம் வெட்டுக்கு அவன் இரான். அத்தகையோர் தம் உயிரை ஒப்படைத்தது சோலிங்கன் அலகுக்கே என்று பேக்கர் கூறுகின்றார்; ஏனைய நாட்டு அலகுகளை அவர்கள் அவ்வளவு விரும்பவில்லை. வாங்குவோன் தரமறிந்தே வாங்கினான் என்பதற்கு இதனினும் உறுதியான சான்று கிடைத்தல் அரிது.

இவ்விடத்து ஒரு வினா எழும். ஆபிரிக்கர் இரும்புத் தொழிலை அறியாதவரோ? அன்று. நைல் கரையில் மெரோவே நகரின் இரும்புக் கசட்டு மேடுகளும், நைசீரியாவில் நொக் பண்பாட்டாரின் உலைகளும் கிறித்துவுக்கு முற்பட்டவை. வேல், குத்துவாள், மண்வெட்டி ஆகியவற்றை அவர்களுடைய கொல்லர் திறம்படச் செய்தனர். ஆயின் மூன்றடி நீளத்தில், மெல்லியதாய், வளைத்து விட்டால் மீண்டும் நிமிர்வதாய் ஓர் அலகு செய்தற்கு, அடியிலிருந்து நுனிவரை ஒரே தன்மையான எஃகு வேண்டும்; தோய்ச்சலும் ஒரேயளவாய் ஏற வேண்டும். சிறு உலையில் உருகாது திரளும் இரும்பு, ஓரிடத்து வன்மையும் ஓரிடத்து மென்மையுமாய் இருக்கும். அதனைப் பலகால் மடித்தடித்து ஒருபடித்தாக்குதல் இயலும். கரிச்செலவும் கைச்செலவும் மிகும். நீர்ச்சில்லாற் செய்து பாலை கடந்து வந்த அலகு அதனினும் மலிவாயிருந்தது. இஃது அறியாமையின் விளைவன்று, விலையின் விளைவு. மஞ்செஸ்டர்ச் சீலையை வாங்கிய கானோ நகரத்தார், தாமே நெய்து நீலந்தோய்த்த துணியைப் பாலை முழுவதற்கும் விற்றவர் என்பதையும் மறத்தலாகாது.

எஃகைப் பற்றிப் பேசுங்கால் எம் தீவின் பெயரும் வருகின்றது. 9ஆம் நூற்றாண்டிலே பக்தாதில் வாழ்ந்த அல்கிந்தி என்னும் அறபு மெய்யியலாளர் வாள் வகைகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதிற் பிராங்கியர் வாளும் பேசப்படுகின்றது. சரந்தீபு வாளும் பேசப்படுகின்றது. சமனலவெவப் பகுதியில், தென்மேற்குப் பருவக்காற்றையே துருத்தியாகக் கொண்டு இயங்கிய பழைய உலைகளை 1990களில் ஆய்வாளர் கண்டபின், அல்கிந்தியின் கூற்று வெறுங் கேள்விச் செய்தியன்று என்பது தெளிவாயிற்று. மறுதலையாக, தக்கணத்து வீரர் பின்னாளில் ஐரோப்பிய அலகுக்குத் தம்முடைய பிடியைப் பொருத்தி, அவ்வாளை 'பிரங்கி' என்றே அழைத்தனர். நாம் 'பறங்கி' என வழங்குஞ் சொல்லும் அதுவே. வாளலகுக்குத் தாய்நாடு உண்டு. வாளுக்கு அது பிடி பெற்ற நாடே நாடு போலும்.

ஆபிரிக்கக் கொல்லன் அலகைப் பெற்றபின் செய்தது சிறுவேலையன்று. மேற்கே துவாரெக் மக்களின் 'தக்கோபா' வாளும், கிழக்கே கஸ்காராவும் ஒரே சோலிங்கன் அலகிலிருந்து பிறந்த இருவேறு வாள்கள். துவாரெக்கியரிடையே 'இனாதன்' எனப்படும் கொல்லர் தனிக் குலத்தினர். உயர்குடித் துவாரெக்கியர் இரும்பை வெறுங்கையாற் தொட விரும்பார் என்பர். ஆதலின் பிடி தோலாலும் பித்தளையாலும் முற்ற மூடப்பட்டது. கஸ்காராவின் குறுக்குத் தண்டு முனைகளில் அகன்று விரியும். பிடி தோல் சுற்றியது. உறையும் தோலே, நுனிக்கு அணித்தாய் இலைபோல விரிவது. செல்வர் பிடிக்கு வெள்ளித்தகடு வேய்ந்தனர். இடையில் அன்றித் தோளிலே தொங்கவிடுவது சூடானியர் வழக்கம். ஆகச் சிலுவை வடிவம் ஐரோப்பியர் கொடுத்ததன்று. பிடியோடு கூடிய அவ்வமைப்பைச் செய்தவன் உள்ளூர்க் கொல்லன். சிலுவையை அதிற் கண்டது பார்த்தவன் கண்.

முத்திரையின் கதை இன்னும் நுட்பமானது. சோலிங்கன் அலகுகள் சிலவற்றில், முகம் எழுதிய பிறைமதி இரண்டு முதுகு பொருந்தப் பொறிக்கப்பட்டிருக்கும். இது பழைய ஐரோப்பியக் கொல்லர் குறி. ஆயின் இஸ்லாமிய நாடுகளிற் பிறை எத்துணை விருப்புக்குரியது என்று சொல்ல வேண்டுவதில்லை. பிறை பொறித்த அலகு நன்றாக விலைபோயிற்று. ஆகவே ஏற்றுமதி செய்வோர் பிறையையே மிகுதியாகப் பொறித்தனர். பார்த் கண்ட தாளிலும் மூன்று பிறை இருந்ததை இங்கு நினைவுகூரலாம். நுகர்வோன் விருப்பம் ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பாலுள்ள பட்டறையை ஆட்டி வைத்தது. அதன்பின் உள்ளூர்க் கொல்லர் தாமே அடித்த அலகிலும் அப்பிறைகளைப் பொறிக்கத் தொடங்கினர். சிங்கமும், சிலுவை தாங்கிய உருண்டையும், பாசவின் ஓநாயும் அவ்வாறே ஆபிரிக்கக் கொல்லர் கையில் மறுபிறவி எடுத்தன. ஓநாயைக் கண்டிராத கொல்லன் அதனை வரையுங்கால் அது சில கோடுகளாகச் சுருங்கிற்று. பாசவில் பிறந்தபோதும் அது சில கோடுகளே. பாசவைப் போலி செய்த சோலிங்கனைக் கசாலாவின் கொல்லன் போலி செய்தானாயின், அவனை மட்டும் போலியன் என்று காட்சிச்சாலைப் பட்டியில் எழுதுவது முறையோ? தரத்துக்கு அடையாளமாகத் தோன்றிய குறி, ஈற்றிலே காப்புக்கு அடையாளமாயிற்று. பிறை பொறித்த வாள் தன்னை ஏந்தியவனைக் காக்கும் என்ற நம்பிக்கை வேரூன்றியது.

எதியோப்பியாவின் நிலை சற்று வேறு. அங்கு 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், அம்ஹாரிய எழுத்தும் யூதாவின் சிங்கமும் பொறித்த அலகுகள் சோலிங்கனிலேயே பணித்துச் செய்விக்கப்பட்டன. கானோ சந்தைக்கு வருவதை வாங்கிற்று. எதியோப்பிய அரசவையோ தனக்கு வேண்டியதைச் சொல்லிச் செய்வித்தது. அத்திலாந்திக் கரையோர வாணிகம் தனியே ஆராயத்தக்கது. அங்கே கப்பல்கள் கொணர்ந்தவை பெரும்பாலும் குறுவாளும் துவக்கும் ஆகலின் ஈண்டு விரிக்கவில்லை.

விலை எதுவாயிற்று என்ற வினாவைத் தட்டிக்கழித்தல் நேர்மையன்று. தெற்கிலிருந்து வடக்கே சென்றவை யானைத் தந்தம், தீக்கோழி இறகு, பிசின், தோல், இவற்றோடு அடிமைகள். போர்னு மன்னன் குதிரையொன்றுக்குப் பதினைந்து அல்லது இருபது அடிமைகள் கொடுத்தான் என்று 16ஆம் நூற்றாண்டில் லியோ ஆபிரிக்கானுசு எழுதினார். குதிரையும் கவசமும் வாளும் ஒருங்கே அமைந்த வீரன், காலாட்களாயிருந்த தெற்கத்திக் குடிகளைச் சூறையாடிப் பிடித்தான். பிடிபட்டோர் விற்கப்பட்டு அவர்களின் விலை மீண்டும் குதிரையும் வாளுமாய் வந்தது. பிறை முத்திரையின் அழகைப் பேசும் நாம் இச்சுழலையும் பேசியே ஆகவேண்டும். ஆபிரிக்க மன்னர் வெறும் ஏமாளிகள் அல்லர், அறிந்து வாங்கினர் என்று மேலே கூறினோம். அறிந்து வாங்கியோர் அறிந்தே விற்றனர் என்பதும் அதனோடு வரும். கானோவின் எமீருக்கு உரிமை உண்டென்றால் பொறுப்பும் உண்டு. திரிப்போலி வணிகனுக்கும், சோலிங்கன் முதலாளிக்கும் அவ்வாறே.

துவக்கின் வரவால் வாளின் காலம் உடனே முடிந்துவிடவில்லை. 1591இற் தொந்திபி என்னுமிடத்தில் மொரொக்கோவின் துவக்குப் படை சொங்காய்ப் பேரரசை முறியடித்தது. அதற்குச் சற்று முன்னரே போர்னுவின் இத்ரீசு அலூமா துருக்கித் துவக்கரைத் தன் படையிற் சேர்த்திருந்தார். ஆயினும் மருந்தும் உதிரிப்பாகமும் அருகியே கிடைத்த உள்நாட்டிலே, முந்நூறு ஆண்டுகள் குதிரையும் வாளுமே ஆட்சி செய்தன. நிலையை மாற்றியது வேகமாகச் சுடும் புதுத் துவக்கு. அதனைப் பெற ஆபிரிக்க மன்னர் முயன்ற வேளையில், 1890ஆம் ஆண்டு பிரசல்சு உடன்படிக்கை குறுக்கே நின்றது. வடக்கே 20 பாகை முதல் தெற்கே 22 பாகை வரையுள்ள ஆபிரிக்காவில் சுடுகலன்களும் மருந்தும் இறக்குமதியாதல் அதனாற் கட்டுப்படுத்தப்பட்டது. அடிமை வாணிகத்தை ஒழிப்பதே நோக்கம் என்று கூறப்பட்டது. அந்நோக்கம் முழுப் பொய்யன்று. ஆயின் தடை வாளைத் தொடவில்லை. வாளாற் குடியேற்ற அரசுக்கு இனி இடரில்லை என்பது கையொப்பமிட்டோருக்கு நன்கு தெரியும். எட்டாண்டுகள் கழித்து ஓம்டுர்மானில் மாக்சிம் இயந்திரத் துவக்கின் முன் நின்றவர்களுட் பெருந்தொகையினர் வாளும் வேலும் ஏந்தியோர். 1903 பெப்ருவரியிற் கானோவும், மார்ச்சு 15இற் சொக்கோட்டோவும் பிரித்தானியரிடம் வீழ்ந்தன. கலீபா அத்தாஹிரு அவ்வாண்டு யூலையில் புர்மியிலே போரில் மடிந்தார். புதிதாய் நியமித்த எமீர்களுக்கு இலுகாட் பிரபு வழங்கியது வாளன்று, அதிகாரக் கோல். பொருள் விளங்காமற் போகாது.

தோற்கடிக்கப்பட்ட வாளைக் குடியேற்ற அரசு எறிந்துவிடவில்லை. தனக்கு ஏற்றதாக்கிக் கொண்டது. சூடான் அரசாங்கம் தனக்கு இசைந்த குலத்தலைவர்களுக்கு மரியாதை அங்கியும் மரியாதை வாளும் வழங்கிற்று. 1919ஆம் ஆண்டிற் சூடானியத் தலைவர் குழுவொன்று இலண்டனுக்குச் சென்றது. மஹ்தி இறந்த 1885ஆம் ஆண்டிலேயே, அவர் மறைவுக்குப்பின் பிறந்த மைந்தரான சையித் அப்துல் ரஹ்மான் அக்குழுவில் இருந்தார். அவர் தந்தையாரின் வாளை ஐந்தாம் ஜோர்ஜ் மன்னருக்குக் காணிக்கையாகக் கொடுத்தார். மன்னர் அதனைப் பெற்று, பேரரசின் காவலுக்காகத் தம் சார்பில் வைத்திருக்குமாறு கூறி, அவரிடமே திருப்பிக் கொடுத்தார். கோடன் சேனாபதி 1885இல் மாண்டதும், மஹ்தியின் கல்லறையைக் கிச்சனர் இடித்ததும் இருதரப்பாருக்கும் மறந்திராது. அந்த ஒரு வாளைக் கொடுத்தும் வாங்கியும் இருவர் செய்த அரசியலை, ஓர் உடன்படிக்கையாலும் செய்தல் அரிது. சையித் அவர்கள் பின்னர்ச் சூடானின் விடுதலை கோரிய இயக்கத்துக்கே தலைமை தாங்கியமையும், நாடு 1956 சனவரி முதலாந் திகதி விடுதலை பெற்றமையும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கன.

மற்றொரு வாள் மேற்கே. பியூட்டா தோரோவைச் சேர்ந்த அல்ஹாஜ் உமர் தால், 1850களில் தொடங்கிய புனிதப் போரினால் செனகலுக்கும் நைகருக்கும் இடையே ஓர் அரசை நிறுவினார்; பிரெஞ்சுக்காரரோடும் பொருதார்; 1864இல் மறைந்தார். அவர் மகன் அகமதுவின் தலைநகரான சேகு 1890இல் பிரெஞ்சுத் தளபதி ஆர்ச்சினாரிடம் வீழ்ந்தது. பின்னர் 1893இற் பண்டியகாராவும் வீழ்ந்தது. உமருடையது எனப்படும் வாள் பரிசுப் பொருளாகப் பரீசுக்குப் போயிற்று. அது தந்தையுடையதன்று, மகனுடையதே என்று வாதிப்பாரும் உளர். 2019 நவம்பர் 17இல் பிரான்சின் பிரதமர் அதனைத் தக்காரில் செனகல் சனாதிபதியிடம் கையளித்தார். 2020 திசெம்பரில் நிறைவேறிய சட்டம் உரிமையையும் மாற்றிற்று. பத்திரிகைகள் இதனை ஆபிரிக்கப் பாரம்பரியச் செல்வம் தாயகம் மீண்டது என்று எழுதின. பறவையலகு போன்ற பிடியுடைய அவ்வாளின் இரும்பு எங்கே அடிக்கப்பட்டது? பிரான்சின் அல்சாசு மாகாணத்துக் கிளிங்கந்தால் என்னும் ஊரில். 'அலகுப் பள்ளத்தாக்கு' எனப் பொருள்படும் அவ்வூரிற் பதினைந்தாம் லூயி மன்னனின் காலத்தில், 1730இல், அரச வாட்பட்டறை நிறுவப்பட்டபோது அங்கு வரவழைக்கப்பட்ட கொல்லர் சோலிங்கன்காரர்; ஊரை விட்டு வெளியேறுவதில்லை என்ற சத்தியத்தை மீறியோர்.

அலகு பிரான்சில் ஆனதாதலின் திருப்பிக் கொடுத்ததிற் பொருளில்லை என்று சிலர் ஏளனஞ் செய்தனர். அவ்வேளனம் சிலுவைப்போர் வாட்கதையின் உடன்பிறப்பே. விலைகொடுத்து வாங்கிய பொருள் வாங்கியவனுடையது என்பது சந்தையின் முதல் விதி. அதனைத் துவக்கு முனையிற் பறித்தவன், செய்தவன் நானே என்று சொல்லி உரிமை கொண்டாடுதல் எந்தச் சந்தையிலும் செல்லாது.

சூடானில் வாட்டொழில் ஓம்டுர்மானோடு முடியவில்லை. கிழக்கே கசாலா நகரத்துக் கொல்லர் 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் பெஜா மக்களுக்காகக் கஸ்காரா அடித்து வந்தனர். அக்காலத்தில் அவர்களுக்கு எஃகு பழுதுபட்ட லொறிகளின் வில்லுத்தகடுகளிலிருந்து கிடைத்தது. நன்றாக வளைந்து நிமிரும் இரும்பு எதுவென்று கண்டறிவதில் அவர்கள் பின்தங்கியவரல்லர். தகட்டைக் காய்ச்சி நீட்டி, நடுவே பள்ளமிட்டு, தோய்ச்சல் ஏற்றி, சாணை பிடித்தபின், பிடிக்கு அணித்தாய் இருபுறமும் ஒரு சிறு உளியை வைத்துத் தட்டினர். அங்கே முதுகு பொருந்திய இரண்டு பிறைகள் தோன்றின.